பத்து இருபது கூட்ஸ்

முப்பத்திரண்டு குடிசைகளில் ஓட முடியாதவர்கள் ஏழு பேர். மாசி பிறந்ததும் ரயில்பாதை கேங் மேஸ்திரி சூசைராஜ் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது. கண் தெரியாத சாயம்மா, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன ஒருத்தி, அவள் பிள்ளை, ஷண்டிங்கில் கால் போன ஒருவர், நெஞ்சுச் சளியில் படுத்துவிட்ட ஒருவர், இளம்பிள்ளை வாதம் வந்த ஒரு பெண் குழந்தை. இந்த ஆறு பேருக்கும், தீ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆளுக்கு ஓர் ஆளைக் குறித்துவிட்டார். ஏழாவது ஆள் பெருமாள். அவர் நன்றாகவே ஓடுவார். அதுதான் தொல்லை.

ஹைதராபாத்தில், லாலாகூடா ரயில் பட்டறைக்கும் மௌலா அலி மலைக்கும் நடுவே, லோகோ ஷெட்டின் சாம்பலைப் பல வருஷம் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு ஒன்று இருந்தது. சாம்பல்மேடு என்று தமிழர்களும், ராக் பஸ்தி என்று மற்றவர்களும் சொன்னார்கள். ரயில்வேயில் நிரந்தரம் ஆகாத கூலிக்காரர்களும், நிரந்தரமாகி ஏதோ காரணத்தால் கோட்டர்ஸை விட்டு வந்தவர்களும் அங்கே குடிசை போட்டிருந்தார்கள். சுவர் மூங்கில் தட்டி. கூரைக்குக் கழித்துப்போட்ட வேகன் தார்ப்பாய். மழை ஒழுகாமலிருக்க வருஷா வருஷம் அதன்மேல் தார் வேறு பூசுவார்கள். மழைக்கு அதைப்போல் கூரை கிடையாது. தீக்கும் அதைப்போல் தீனி கிடையாது.

மேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருநூறு கஜத்துக்கு ஊசிப்புல். எழுபதாம் வருஷம் ஆவணியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியதில் புல் இடுப்பளவு வளர்ந்தது. பிறகு ஒரு சொட்டு இல்லை. எழுபத்தொன்று மாசியில் அது காய்ந்து, நடந்தால் நொறுங்கியது. அந்த வருஷம் வந்த கரியும் மட்டம். எஞ்சின் மேடேறும்போது புகைபோக்கி வழியாகத் தணல் தணலாகத் துப்பும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீட்டுக் கோட்டர்ஸில் இருந்த எங்களுக்கு அது வேடிக்கை. துணி காயப்போட்டால் ஓட்டை விழுகிறது என்று புகார் செய்வதோடு எங்கள் கவலை முடிந்துவிடும். சாம்பல்மேட்டுக்காரர்களைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு மனு எழுதவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெருமாள் எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். உலை அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் யார்டில் கரிப்பெட்டி மேலிருந்து தலைகுப்புற விழுந்தார். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து உடம்பு தேறிவிட்டது. புத்தி தேறவில்லை. பெண்டாட்டி ராஜத்தின் பேர் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. டூட்டி மட்டும் ஒருநாளும் மறக்காது. காலை பத்து இருபதுக்கு ஒரு கூட்ஸ் வண்டி மேடேறி வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு நடந்துவிடுவார். ஓடுகிற எஞ்சினில் ஏறப் பார்ப்பார்.

அதனால் ராஜம் தார்நாகாவுக்குச் சமையல் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். போவது காலை ஏழு மணி, திரும்புவது ஒரு மணி. சாவி தாலிச் சரட்டில் தொங்கும்.

சூசைராஜ் அவள் வீட்டுக்கு வந்தது ஒரு சாயங்காலம். அவள் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். புளிச்சகீரை கடைந்து இறக்கியிருந்தது. பெருமாள் அடுப்புக்கு எதிரே குந்தி, தணலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுள்ளி எரிந்து தாழ்ந்தால் அவர் கை தானாக இன்னொன்றை எடுத்துச் செருகும். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள அவரைவிட ஆள் கிடையாது.

"பூட்டாதேன்னு நான் சொல்லல தாயி" என்றார் சூசைராஜ். அவர் திருநெல்வேலிப் பக்கம். "நெருப்பு வரும்போது நீ தார்நாகாவுல சாம்பாருக்குப் பருப்பு வேகவச்சுக்கிட்டு இருப்ப. சாவி உன் களுத்துல கெடக்கும். நாங்க என்ன செய்ய?"

"மேஸ்திரிணா, பூட்டலைன்னா தண்டவாளம், பூட்டினா நெருப்பு. நான் இன்னா பண்றது? ரெண்டுல எது தெனம் வருது, நீயே சொல்லு." ராஜம் அரக்கோணத்துக்காரி. ஹைதராபாத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் அரக்கோணம் நாக்கை விட்டுப் போகவில்லை. "கூட்ஸு தெனம் வருது. நெருப்பு இன்னா தெனமா வந்துகினு கீது?"

களி உருண்டையில் குழி பறித்துக் கீரையை ஊற்றி சூசைராஜ் முன்னால் வைத்தாள். அவர் பாதி உருண்டையை முடித்த பிறகே வாயைத் திறந்தார்.

"ஒரு சாவி செஞ்சு பக்கத்து வீட்டுல குடுத்து வையேன்."

"பக்கத்து வீடா? யாரு, அவளா?"

"வேற யாரு இருக்கா? ஒம்பதரைக்கு மேல வீட்டுல இருக்கது அவ ஒருத்திதான்."

"நக்கோ, வேணாம்! என் உசுரு போனாலும் நக்கோ. அவ கையில இவரு சாவியக் குடுக்கிறதும், நேரா எஞ்சினுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துறதும் ஒண்ணுதான்."

சந்துக்கு அந்தப் பக்கத்துக் குடிசையில் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. விழவில்லை, போடப்பட்டது.

அந்தப் பக்கத்தில் இருந்தவள் தாயம்மாள். மேட்டின் கடைசிக் குடிசை அவளுடையது. காலையில் ஷெட் வாசலில் இட்லி விற்றுவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். அவள் புருஷன் லட்சுமணன் ரயில்வேயில் கால்பாய் வேலை பார்த்தவர். டிரைவர், ஃபயர்மேன், கார்டு வீடுகளுக்குப் போய், இன்ன ஆளுக்கு இன்ன வண்டி, இன்ன நேரம் என்று வாசலில் நின்று குரல் கொடுத்துப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வண்டி ரத்தானாலும் அவர்தான் போய்ச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவன் போயே தீர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ரிடையராகும்வரை ரயில்வே அவரைப் 'பாய்' என்றேதான் எழுதியது. ரிடையரான மறு வருஷம் செத்துப்போனார்.

தாயம்மாளுக்கு மதுரைப் பக்கத்து வாய். புருஷன் குரலை அப்படியே எடுத்துவிடுவாள். போன வருஷம் ராஜம் வேலைக்குப் போகாத ஒருநாள், குழாயடியில் பெண்கள் சிரிக்க வேண்டும் என்று, மூக்கால் இழுத்து, "பெருமாள் ஃபயர்மேன்! பத்து இருபது கூட்ஸ்! டூட்டீ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெருமாள் எழுந்து தூக்குவாளியோடு போய்விட்டார். பெண்கள் சிரித்து முடிப்பதற்குள் எஞ்சின் வந்துவிட்டது. ரயில்வே கேட்காரன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அன்றைக்கு ராஜம் தாயம்மாளைப் பேசிய பேச்சை எழுத முடியாது. தாயம்மாள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. 'டூட்டி' என்ற சொல்லை அவர் காதில் விழச் சொல்லக் கூடாது என்று பஸ்தி முழுக்க ராஜம் கட்டளை போட்டிருந்தாள்.

"சரி, சாவி வேண்டாம்" என்றார் சூசைராஜ். "பின்பக்கத் தட்டிய நாலு எடத்துல கட்டியிருக்கேல்லா? மூணு கட்ட அவுத்துட்டு ஒரே கயிறாப் போட்டுத் தாரேன். முடிச்சு வெளிய, எறவாணத்துக்குக் கீழ. ஒரு இழுப்பு இழுத்தா தட்டி மொத்தமா விழுந்துரும். உள்ள இருந்து அவருக்கு எட்டாது."

"யாரு இழுப்பா?"

"அந்நேரம் யாரு பக்கத்துல இருக்காகளோ அவுக."

ராஜம் பின்பக்கத் தட்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு, "தட்டி விளுந்தா மட்டும் வந்துடுவாரா? அடுப்பாண்ட குந்திட்டார்னா நாலு ஆளு இழுத்தாலும் அசைய மாட்டாரு" என்றாள். சூசைராஜ் அதற்கு வழி யோசித்திருக்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த விஷயம் கரிப்பட்டை. காற்று கிளம்புமுன் குடிசை வரிசைக்குப் பின்னால், மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லை நாமே எரித்து வெறுந்தரையாக்கிவிட வேண்டும். தண்டவாளத்தில் பற்றிய தீ அங்கே வந்தால் தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடும். தண்டவாளத்தை ஒட்டி கேங் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுதான். குடிசைக்காக யாரும் செய்ததில்லை. அதிகாரியிடம் சூசைராஜ் கேட்டபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை நான் லீவு" என்றார்.

"வியாளக்கெழம விடியக்காலம் வைக்கேன். நீ அவரக் கூட்டிக்கிட்டு கோயில் பக்கம் போயிரு."

"என் ஊட்டுக்குப் பின்னால வேணாண்ணா."

"ஏன்?"

"போகிக்கு இன்னா நடந்திச்சு, மறந்துட்டியா? நெருப்பக் கண்டா அவுரு கரி போட ஆரம்பிச்சுடுவாரு. முறம், மணை, என் பொடவை எல்லாத்தையும் அள்ளிப் போட்டாரே. நெருப்பு வாசன பட்டாலே போதும், ரெண்டு நாளைக்கு அடங்க மாட்டாரு. அப்புறம் யாரு மல்லுக்கட்டுறது? என் ஊட்டு அகலம் எட்டடி. அதை மட்டும் வுட்டுடு. நானே அறுத்து மொட்டையா ஆக்கிடறேன். சத்தியமா."

சூசைராஜ் பெருமாளைப் பார்த்தார். பெருமாள் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினார். சூசைராஜுக்கு மனசு இளகிவிட்டது. எட்டடிதானே, பெண்பிள்ளை நாணயமானவள் என்று ஒப்புக்கொண்டார். முப்பது வருஷம் நெருப்போடும் தண்டவாளத்தோடும் பழகியவர் செய்யக்கூடிய தப்பு இல்லை அது. செய்தார்.

வியாழக்கிழமை விடியும் நேரம் பனி இன்னும் புல்லில் இருந்தது. காற்று இல்லை. இரவு வேலை முடிந்து வந்தவர்களும், வேலைக்குப் போக வேண்டியவர்களுமாக இருபது ஆண்கள், அதற்கு மேல் பெண்கள். முதலில் பட்டையின் இரண்டு ஓரத்திலும் மண்வெட்டியால் ஒரு முழம் புல்லைச் செத்தி மண்ணைத் திறந்தார்கள். குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால், முதல்நாளே ஒவ்வொரு குடமாக நாற்பது குடம் சேர்த்துச் சாக்குகளை ஊறவைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு புங்கங்கொப்பு. சூசைராஜ் கீழ்முனையில் தீ வைத்தார். புல் படபடவென்று பொரிந்தது. பத்தடி போனதும் அடித்து அணைத்தார்கள், பிறகு அடுத்த பத்தடி. அவசரப்பட்டவனுக்கு அவரிடமிருந்து வசவு. ஏழு மணிக்குள் வேலை முடிந்தது. எல்லார் முகமும் கரி. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தாயம்மாள் ஒரு பானை இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள். விற்க வைத்திருந்தது. யாரையும் காசு கேட்கவில்லை.

கறுப்புப் பட்டை மேட்டைச் சுற்றி அழகாகக் கிடந்தது. அதில் ராஜத்தின் குடிசைக்குப் பின்னால் எட்டடி மட்டும் பொன்நிறமாக நின்றது.

ராஜம் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளி, சனி இரண்டு சாயங்காலமும் அரிவாளோடு உட்கார்ந்து அடியோடு அறுத்தாள். ஊசி முள் புடவையெல்லாம் ஏறி, கை கொப்புளித்துவிட்டது. அறுத்த புல்லை எருமை வைத்திருந்த மல்லய்யா ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சும்மா போகிற புல், ஒரு படி மோர் கிடைக்கும் என்று அவளுக்கும் ஆசை. தன் குடிசைக்கும் தாயம்மாள் குடிசைக்கும் இடையில் இருந்த சந்தில் போராகக் குவித்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மல்லய்யாவின் எருமை கன்று போட்டுவிட்டது. அவர் வரவில்லை.

திங்கள் சாயங்காலம் சூசைராஜ் பார்த்தார். "ஏ ராஜம், இது என்ன போரு? நிக்கிற புல்லக் காட்டிலும் குமிச்ச புல்லு மோசம்லா!"

"நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காருணா."

"நாளைக்கு நாளைக்குன்னு நரி சொன்ன கதையா இருக்கு. காலம்பற எடுக்கலன்னா நான் அள்ளிக் கொண்டுபோய்ப் பள்ளத்துல போட்டுருவேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் சூசைராஜின் கேங்கைத் தொலைவில் ஒரு வளைவில் தண்டவாளம் நிமிர்த்த அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் மேல்காற்றும் கிளம்பியது.

தார்நாகாவில் ராஜம் வேலை செய்தது ஒரு விஞ்ஞானி வீட்டில். வீட்டம்மாள் கல்பகம் மாமி. மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த மாமி, "ராஜம், இங்க வாயேன். அதென்னடி அங்க அவ்வளவு புகை? உங்காத்துப் பக்கமா இருக்கே?" என்றாள்.

ராஜம் மாடிக்கு வந்து பார்த்தாள். எஞ்சின் புகை வெள்ளையும் கறுப்புமாகத் திரள் திரளாக எழும்பிக் கலைந்துவிடும். இது தரையோடு பரவி, மஞ்சள் கலந்து, நகர்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை. கை தாலிச் சரட்டுக்குப் போனது. சாவி இருந்தது. அது அங்கே இருப்பதுதான் அவளைக் கொன்றது.

தார்நாகாவிலிருந்து சாம்பல்மேட்டுக்கு நல்ல நடையில் அரை மணி. ராஜம் ஓடினாள். செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "கைக்கு பாக்ரி அம்மா?" என்று ஓடுவதற்குக் காரணம் கேட்டு நிறுத்தினார். அவள் சாவியைக் காட்டினாள். அவருக்கு என்ன புரிந்ததோ, ஏற்றிக்கொண்டு மிதித்தார். வழியெல்லாம் ராஜம் ஒரே கணக்கைப் போட்டாள். கூட்ஸ் தினம் வருகிறது, நெருப்பு தினமும் வருவதில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சு! அந்த வாயை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மேட்டில் தீ அடங்கியிருந்தது. புல்வெளி முழுதும் கறுத்து, அங்கங்கே புகைந்தது. கரிப்பட்டை வரைக்கும் வந்த தீ அப்படியே நின்றிருந்தது. கோடு கிழித்த மாதிரி. முப்பது குடிசைகளின் முதுகில் ஒரு பொறிகூடப் படவில்லை. ஆட்கள் குடத்தோடும் சாக்கோடும் நின்றார்கள். ஆறு பேரும் கோயில் மரத்தடியில் பத்திரமாக இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று தெரியாமல் சாயம்மா, "ஏமய்யிந்தி, ஏமய்யிந்தி" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறுத்த தாள் மிஞ்சியிருந்த எட்டடி வழியாகத் தணல் பறந்து போரில் விழுந்திருந்தது. போர் இருந்த இடத்தில் சாம்பல். காற்று வீசிய திசையில் தாயம்மாளின் குடிசை இல்லை. நான்கு மூங்கில் கால்கள், இட்லிப் பானை, உருகி ஓடிய தார். ராஜத்தின் கூரை ஓரமாகக் கருகித் தொங்கியது. அதை யாரோ கோலால் இழுத்துப் போட்டிருந்தார்கள். முன்கதவில் பூட்டு அப்படியே இருந்தது. பின்தட்டி விழுந்து கிடந்தது. உள்ளே அடுப்பு இருந்தது. அவர் இல்லை.

ராஜம் தண்டவாளத்தைப் பார்த்து ஓடினாள். நெருப்பிலிருந்து தப்பியிருந்தால் அங்கேதான் போயிருப்பார்.

சிக்னல் மரத்துக்குக் கீழே, தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி, எரிந்து ஆறிய தரையில் பெருமாள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி. பக்கத்தில் தாயம்மாள். அவள் புடவைத் தலைப்பின் ஒரு நுனியைப் பெருமாளின் மணிக்கட்டில் கட்டி, இன்னொரு பக்கத்தைத் தன் கையில் சுற்றியிருந்தாள். அவள் புருவம் பொசுங்கிப்போயிருந்தது.

ராஜம் அவர் காலடியில் விழுந்து, முகம், கை, கால் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். பெருமாள் அவளை அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலக் கூச்சத்தோடு பார்த்தார். பிறகு அவள் ஓவென்று அழுதாள்.

தாயம்மாள் அழுகை முடியும்வரை பொறுத்தாள்.

"இந்தாத்தா, அழுதது போதும். ஒண்ணும் ஆகல. முடி கொஞ்சம் கருகியிருக்கு, மழுங்கச் செரைச்சா வளந்துரும்" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் ராஜத்திடம் பேசிய முதல் பேச்சு.

"எப்பிடிக்கா வந்தாரு?"

"எப்பிடி வருவாக? கயித்த இழுத்துத் தட்டிய விட்டேன். புகைக்குள்ள அடுப்புக்கு முன்னாடி உக்காந்து சுள்ளி போட்டுக்கிட்டிருக்காரு மனுசன். வெளிய அம்புட்டு நெருப்பு, உள்ள இவரு தனியா ஒண்ண வளத்துக்கிட்டிருக்காரு. தம்பி தம்பிங்கிறேன், கையப் பிடிச்சு இழுக்குறேன், மலை கெணக்கா இருக்காரு. என்னால ஆகல. ஆம்பளைக எல்லாம் அந்தக் கடைசியில பிள்ளை பெத்தவளத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. அப்பத்தான்..." தாயம்மாள் நிறுத்தினாள். "நீ சொல்லக் கூடாதுன்னு சொன்னதச் சொல்லிட்டேன் ராஜம்."

ராஜம் அவளையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கணக்கா நின்னேன். பெருமாள் ஃபயர்மேன், பத்து இருபது கூட்ஸ், டூட்டீன்னேன். எந்திரிச்சாரு பாரு! தூக்குவாளிய எடுத்தாரு. தட்டி விழுந்த எடத்துல வந்து நின்னு, 'புக்கு' அப்படிங்கிறாரு."

"புக்கா?"

"கையெழுத்துப் போடாம எந்த ஃபயர்மேன் வருவான்? போட்டாத்தான் வருவேன்னு நிக்காரு. நான் என் வீட்டுல இருந்து எடுத்தது இது ஒண்ணுதான்." ரவிக்கைக்குள்ளிருந்து ரேஷன் கார்டை எடுத்தாள். "இத நீட்டினேன். ஒரு கரித்துண்ட எடுத்து, ஒவ்வொரு எழுத்தா, புள்ளி வச்சு, கீழ கோடும் போட்டுக் கையெழுத்துப் போடுறாரு. நிதானமா. நான் இந்தப் பக்கம் அவரு கையப் பாக்குறேன், அந்தப் பக்கம் என் வீட்டுக் கூரையப் பாக்குறேன். அவரு கோடு போட்டு முடிக்கவும் என் கூரை உள்ள இறங்கவும் சரியா இருந்துச்சு."

கார்டின் அட்டையில், கோதுமை, சீனி என்று எழுதிய கட்டங்களுக்குக் குறுக்கே, 'ஜி. பெருமாள்' என்று கறுப்பாக இருந்தது. நான்கு வருஷமாக அந்தக் கையெழுத்தை ராஜம் பார்த்ததில்லை. அவர் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

"அந்தப் போரு என்னுதுக்கா" என்றாள் ராஜம். "எட்டடிய வுடச் சொன்னதும் நான்தான். உன் ஊட்ட நான்தான் எரிச்சேன்."

"தெரியும். உன்னத் திட்டணும்னுதான் உக்காந்திருக்கேன். வாயி வறண்டு கெடக்கு. தண்ணி குடிச்சிட்டுத் திட்டுறேன்."

சொன்னபடி திட்டினாள். சூசைராஜையும் சேர்த்துத் திட்டினாள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தணிந்த பிறகு, "எனக்கு வேணும் அது. இரக்கப்பட்டு எட்டடிய விட்டேன். நெருப்புக்கு ஏது இரக்கம்" என்றார். மறுநாள் விடிவதற்குள் அந்த எட்டடியைத் தானே கொத்தி, ஷெட் சாம்பலைக் கொட்டி மெழுகிவிட்டார்.

தீ வந்த அன்றைக்கே சாயங்காலம் ராஜம் யாரையும் கேட்கவில்லை. தாயம்மாளின் இட்லிப் பானையைத் தேய்த்துக் கொண்டுவந்து தன் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "புது வீடு போடறவரைக்கும் இங்கதான். பேச்சுக் கீச்சு ஒண்ணும் வேணாம்" என்றாள். தாயம்மாளும் பேச்சுக் கீச்சு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளுக்கு அரிசி ஊறவைக்கப் பாத்திரம் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை ராஜம் வேலைக்குப் போகவில்லை. கருகிய கூரைக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணி தாண்டியது. தொலைவில் எஞ்சின் மேடேறுகிற மூச்சு கேட்டது. பெருமாள் தலையைத் தூக்கினார். எழுந்தார். தூக்குவாளியை எடுத்தார்.

ராஜம் ஊசியைப் போட்டுவிட்டுப் பூட்டைத் தேடினாள்.

தாயம்மாள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. வாசலில் போய், முதுகை நிமிர்த்தி நின்று, மூக்கால் இழுத்துக் குரல் கொடுத்தாள்.

"பெருமாள் ஃபயர்மேன்! பத்து இருபது கூட்ஸ் உனக்கு ரத்து! வேற ஆளு போறாரு! உனக்கு ரெஸ்ட்டூ!"

பெருமாள் நின்றார். எஞ்சின் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவர் தாயம்மாளையும் தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"புக்கு."

தாயம்மாள் ரேஷன் கார்டை எடுத்து, மாவுக் கையோடு நீட்டினாள். முந்தின கையெழுத்துக்குக் கீழே இன்னொன்றைப் போட்டார். தூக்குவாளியை ஆணியில் மாட்டினார். வேட்டியைத் தளர்த்திக்கொண்டு, நான்கு வருஷமாக ரெஸ்ட் கிடைக்காத மனுஷர், பாயை விரித்துப் படுத்துவிட்டார். கூட்ஸ் தடதடவென்று போயிற்று. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ராஜம் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான்கு வருஷம். தினம் ஒரு பூட்டு. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ஏன்க்கா, இது உனக்கு முன்னமே தெரியுமா?"

"ரத்தானா ரத்துன்னு சொல்றது எங்க வீட்டுக்காரரு தொழிலு. எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

தாயம்மாள் ஆட்டுக்கல்லுக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ எங்கடி எங்கூடப் பேசினே?" என்றாள்.